வேடம் பிறக்கும் வீதி

டோக்கியோ மாநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கோயில்களையும், அரண்மனை அகழியையும், ஒளிவெள்ளம் பாயும் பெருங்கடை வீதிகளையும் கண்டு திரும்பிவிடுவர். அந்நகரின் அராக்காவா வட்டாரத்தில் நிப்போரி என்னும் புகையிரத நிலையம் ஒன்று உண்டு. நரித்தா விமான நிலையத்தில் விரைவு வண்டி ஏறினால் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் அங்கு வந்து இறங்கலாம். அவ்வூரின் பெயரை எழுதும் மூன்று சித்திர எழுத்துகளும் சேர்ந்து, பொழுது சாயும் ஊர் என்னும் பொருளைத் தருவன. பொழுது சாய்வதையும் மறந்து மக்கள் இன்புற்றிருந்த இடம் என்று அதற்கு விளக்கம் கூறுவர். நிலையத்தின் மேற்கே யனக்காவின் பழைய கல்லறைத் தோட்டமும் அமைதி நிறைந்த ஆலயங்களும் இருக்கின்றன. கிழக்கே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் முற்றிலும் வேறோர் உலகம் எதிர்ப்படும். அதுவே நிப்போரித் துணித்தெரு.

ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான இத்தெருவின் இருமருங்கிலும் எண்பது தொண்ணூறு கடைகள் உள்ளன. துணி ஒரு கடையில், தோல் ஒரு கடையில், பொத்தான் ஒரு கடையில், றேந்தையும் நாடாவும் மற்றொரு கடையில் என்று தையலுக்கு வேண்டிய யாவும் இங்கே கிடைக்கும். துணிச்சுருள்கள் கடைவாயிலைத் தாண்டி நடைபாதையின் ஓரம்வரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளிற் பல கடைகள் பூட்டியிருக்கும். ஆகையால் செல்ல விரும்புவோர் வேறு கிழமையைத் தெரிந்துகொள்ளல் நன்று.

இத்தெருவின் பிறப்பு வரலாறு கருத்திற் கொள்ளத்தக்கது. 1912 முதல் 1926 வரை நீடித்த தைசோக் காலத்தில், அசக்குசாப் பகுதியிலிருந்த பழந்துணி வணிகரும், வெட்டுத் துண்டு விற்போரும் கூட்டமாக இங்கே குடிபெயர்ந்தனர். துணி வெட்டும்போது எஞ்சுகின்ற துண்டுகளே அவர்களின் முதலாயின. பிறர் வேண்டாம் என்று கழித்ததில் விலை கண்ட மக்கள் அமைத்த தெரு இது. அக்குணம் இன்றளவும் இதனை விட்டு நீங்கவில்லை.

தையற்காரரும் உடையமைப்புப் பயிலும் மாணவரும் இங்கு வருவதில் வியப்பில்லை. அவர்களோடு மற்றொரு கூட்டமும் வருகின்றது. கையிற் பிடித்த தொலைபேசியின் திரையில் ஒரு சித்திரப் படம். அதன் நிறத்தோடு துணியின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தபடி நிற்கும் இளைஞர்கள். இவர்கள் கொஸ்பிளே என்னும் கலையில் ஈடுபட்டவர்கள். சித்திரக் கதையிலோ, கார்ட்டூன் படத்திலோ, கணினி விளையாட்டிலோ தம் மனத்தைக் கவர்ந்த பாத்திரத்தின் உடையை அணிந்து, அப்பாத்திரமாகவே தோன்றுவது இக்கலை. நம் கூத்தில் வேடம் கட்டுவோருக்குப் பாட்டும் ஆட்டமும் உண்டு. இவர்களுக்கோ பெரும்பாலும் உடையும் நிற்கும் நிலையுமே பேச வேண்டும்.

இச்சொல்லை ஆக்கியவர் நொபுயுக்கி தக்காஹாஷி என்பவர். உடை, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குறுக்கி, 1983ஆம் ஆண்டிற் சஞ்சிகைக் கட்டுரை ஒன்றில் அவர் எழுதினார். வழக்கமோ அதனினும் பழையது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே விஞ்ஞானக் கதை விரும்பிகளின் முதலாவது உலக மாநாடு கூடிற்று. பொரஸ்ற் அக்கர்மன் என்னும் இளைஞரும் மேர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியும் எதிர்கால மனிதரின் உடை என்று சொல்லத்தக்க ஆடை தரித்து அங்கே தோன்றினர். அவ்விரண்டு உடைகளையும் அமைத்துத் தைத்தவர் அப்பெண்மணியே. எனவே இக்கலையின் தொடக்கமே வீட்டுத் தையலில் அமைந்தது எனலாம்.

இத்தெருவிலே பெயர்பெற்ற கடை தொமாற்றோ. அதன் தலைமைக் கட்டடம் ஐந்து மாடிகளைக் கொண்டது. மீற்றர் 100 யென் என்று விலை குறித்த துணிகளே அதற்குப் புகழ் தேடித் தந்தன. வேண்டிய சுருளைத் தோளிற் சுமந்துகொண்டு அளவு மேசைக்குச் சென்றால், ஊழியர் அளந்து வெட்டித் தருவார். மலிவைக் கண்டவுடன் கைநிறைய வாங்குபவர் புதியவர். பழகியவரோ முதலிற் கசக்கிப் பார்ப்பார்; இழுத்துப் பார்ப்பார்; வாயிலுக்குக் கொண்டுசென்று பகல் வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பார். மினுங்கும் சாற்றின் துணி கடையில் அழகாகத் தோன்றினும் படத்தில் வெளிறித் தோன்றும். மெல்லிய பருத்தி விரைவிற் கசங்கும். சற்றுக் கனமான, சாய்வரி நெசவுடைய துணியே சட்டைக்கும் மேலங்கிக்கும் உருவம் கொடுக்கும். அவ்வாறாயின் 100 யென் துணி எதற்கு? அதிலே முதலில் ஒரு மாதிரி உடை தைக்கிறார்கள். அளவிற் பிழை நேர்ந்தால் அது மலிவான துணியோடு போகட்டும் என்பது கணக்கு. பிழை திருத்திய மாதிரியைப் பிரித்து, அதனையே வெட்டுப் படிவமாக வைத்து நல்ல துணியை வெட்டுவர். மாதிரித் துணியும் வீணாவதில்லை. உள்துணியாக உள்ளே போய்விடும்.

இத்தெரு கற்பிக்கும் சிக்கனம் இதுவே. எல்லாவற்றையும் மலிவாக வாங்குவது சிக்கனமன்று. எதற்குச் செலவிட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தறிவதே சிக்கனம். எடுத்துக்காட்டாக, தக்கேயுச்சி நாவோக்கோவின் கதையிலிருந்து 1992ஆம் ஆண்டிலே தொலைக்காட்சிக்கு வந்த சேலர் மூன் என்னும் கதாநாயகியின் உடையைப் பார்ப்போம். வெள்ளை மேலுடை, கோடிட்ட நீலக் கப்பற்கழுத்து, நீல மடிப்புப் பாவாடை, மார்பிற் சிவப்புக் கட்டு, முழங்காலளவு சிவப்புச் சப்பாத்து, பொன்னிறக் கூந்தல் ஆகியவை அதன் உறுப்புகள். பார்ப்பவர் கண்ணும் படப்பெட்டியும் முதலில் நாடுவது முகத்தை. ஆகவே பொய்க்கூந்தலுக்கும் கழுத்துத் துணிக்கும் பணத்தை ஒதுக்க வேண்டும். கூந்தலை வெப்பம் தாங்கும் செயற்கை இழையிற் செய்ததாகப் பார்த்து வாங்கினால், விரும்பியபடி வளைத்து அமைக்கலாம். கழுத்தின் உள்ளே விறைப்புத் துணி வைத்துத் தைத்தால் அது சோர்ந்து விழாது. கழுத்தின் வெள்ளைக் கோட்டுக்குப் புதுத்துணி வேண்டியதில்லை. சிறு நாடா போதும். சிவப்புச் சப்பாத்தை விலைக்கு வாங்குவதும் வீண். வீட்டிலுள்ள பழைய சப்பாத்தின்மேல் இழுபடும் சிவப்புத் துணியால் உறை தைத்து மாட்டிவிடலாம். மார்பிலுள்ள பதக்கமோ, ஒரு சிறு டப்பாவின் மூடியும் சிறிது வர்ணமும் கொண்டு முடிந்துவிடும்.

மூடி, பசை, வர்ணம், பொய்மணி ஆகியவற்றை நூறு யென் கடைகளில் வாங்குவர். டைசோ போன்ற இக்கடைகள் யப்பானின் ஊர்தோறும் உள்ளன. விற்பனை வரி 2019ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தமையால், 100 யென் பொருளுக்கு 110 யென் கொடுக்க வேண்டும். போர்வீரனின் கவசமும் இங்கேதான் பிறக்கின்றது. தரையில் விரிக்கும் நுரை இறப்பர்த் தட்டை வாங்கி, கடதாசிப் படிவத்தை அதன்மேல் வைத்துக் கூரிய கத்தியால் வெட்டுவர். வெப்பக் காற்றுக் காட்டினால் அது இளகும். இளகியதை மார்பின் வடிவுக்கு வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அவ்வடிவிலேயே நிற்கும். மேலே நீர் கலந்த மரப்பசையை இரண்டு மூன்று முறை பூசி உலரவிட வேண்டும். இன்றேல் நுரை வர்ணத்தை உறிஞ்சிவிடும். முதலிற் கறுப்பும், அதன்மேல் உலர்ந்த தூரிகையால் வெள்ளியும் பூசினால் பழைய இரும்பு போலத் தோன்றும். ஒட்டும் பசையின் ஆவி தீங்கானது. நுரையைத் தேய்க்கும்போது எழும் தூளும் அவ்வாறே. ஆகையாற் சாளரத்தைத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே இவ்வேலையைச் செய்ய வேண்டும். இதிற் சிக்கனம் காட்டலாகாது.

இத்தனை இளைஞர்க்கும் ஊசி பிடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பகுதி பள்ளிக்கூடத்தில் இருக்கின்றது. யப்பானில் ஐந்தாம் ஆறாம் வகுப்புச் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக இருந்து மனையியல் பயில்கின்றனர்; பொத்தான் வைப்பதும் பை தைப்பதும் அப்பாடத்தில் அடங்கும். மேல்வகுப்புகளில் முன்னர் பெண்களுக்கே உரியதாயிருந்த இப்பாடம், நடுநிலைப் பள்ளிகளில் 1993 முதலும், உயர்நிலைப் பள்ளிகளில் 1994 முதலும் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. அதனாலேயே நிப்போரியின் துணிக்கடைகளில் நூலின் தடிப்பைப்பற்றி வாதாடும் ஆண்பிள்ளைகளையும் காணலாம்.

தைத்த உடையை உடுத்துக்கொண்டு உடனே வீதியிற் புறப்படலாம் என்று எண்ணிவிடலாகாது. 1975ஆம் ஆண்டிலே தொடங்கி, ஆண்டுக்கு இருமுறை டோக்கியோவில் நடைபெறும் கொமிக்கெற் என்னும் பெருஞ்சந்தைக்கு வேடத்தோடு வருதலும், வேடத்தோடு வீடு திரும்புதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. அங்குள்ள உடைமாற்றும் அறையிலேயே வேடம் பூண வேண்டும். அங்கேயே களைய வேண்டும். எனவே மடித்துப் பையில் வைக்கத்தக்கதாக உடையை அமைப்பதும் இக்கலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

இப்போது ஆயத்த உடைகள் தபாலில் வீடு தேடி வருகின்றன. நேரமில்லாதவர் அவற்றை வாங்குவது குற்றமன்று. ஆயினும் 2003ஆம் ஆண்டிலே நகோயா நகரில் தொடங்கிய உலகக் கொஸ்பிளே மாநாட்டின் போட்டியில் இறங்குவோர், தம் உடையைத் தாமே செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. பல நாட்டு இளைஞர் கூடும் அம்மேடைக்குப் பணம் மட்டும் வழிகாட்ட மாட்டாது. மீற்றர் 100 யென் துணியில் முதல் மாதிரியை வெட்டிய மாணவனுக்கும் அங்கே இடமுண்டு.

பிள்ளைகள் வேடத்துணி வாங்கக் காசு கேட்கும்போது, வீண் விளையாட்டு என்று பெற்றோர் முகம் சுளிப்பது எந்நாட்டிலும் உள்ளதே. அவர்கள் நிப்போரியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தல் வேண்டும். கையிலுள்ள சில ஆயிரம் யென்னை எண்ணி, அளவுநாடாவைப் பிடித்து, அரை மீற்றர் குறைத்தாற் போதுமா என்று கணக்கிடும் பிள்ளை, திட்டமிடவும் பொறுத்திருக்கவும் பிழையைப் பிரித்துத் திரும்பத் தைக்கவும் கற்றுக்கொள்கிறது. வேடம் ஒரு பகலிற் களையப்படும். அந்தப் பழக்கம் பிள்ளையோடு வளரும்.