மஞ்சளும் பச்சையும்

பழைய டெலிவிஷன் பெட்டிகளைப் பற்றி நம் ரிப்பேர்க்காரர்களுக்கு ஓர் அசைக்க முடியாத அபிப்பிராயம் உண்டு. படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டால் டியூப் போய்விட்டது. சிவப்பு வராவிட்டாலும் டியூப் போய்விட்டது. முகமெல்லாம் பச்சை பூத்தாலும் அதேதான். கைராசி இல்லாத வைத்தியர் எந்த நோய்க்கும் ‘பித்தம்’ என்று ஒரே பதில் வைத்திருப்பாரே, அந்த மாதிரி. இப்படித் தீர்ப்புச் சொல்கிறவர் பெட்டியின் முகத்தைத்தான் பார்த்திருப்பார். முதுகைப் பார்த்திருக்க மாட்டார். அதற்குக் குனிய வேண்டும், டார்ச் விளக்குப் பிடிக்க வேண்டும், ஒட்டடையையும் பல்லி முட்டையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிறம் போன பிறகும் படம் ஏன் அப்படியே நிற்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி வழி போனமாதிரி. 1953-ல் அமெரிக்காவில் கலர் டெலிவிஷனுக்கு ஒரு முறையை ஏற்றுக்கொண்டபோது, அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. அவற்றைக் குப்பையில் போடச் சொல்ல முடியுமா? ஆகையால் வெளிச்சத்தைப் பழையபடியே அனுப்பி, நிறத்தை மட்டும் தனியாக அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். நம் நாட்டில் 1982-ல் கலர் வந்து, டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளைக் காட்டினபோது, கறுப்பு வெள்ளைப் பெட்டிக்காரர்களும் அதே ஒளிபரப்பைப் பார்த்ததற்கு இதுதான் காரணம். வெளிச்சம் பஸ் என்றால், நிறம் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வரும் பிரயாணி. பிரயாணி விழுந்துவிட்டாலும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அவன் எந்த ஸ்டாப்பில் விழுந்தான் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்டிக்குள் ‘கலர் கில்லர்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயர் பயங்கரமாக இருந்தாலும் ஆசாமி யோக்கியன். வருகிற நிறத்தின் அடையாளம் தனக்குப் பிடிபடவில்லையென்றால், தாறுமாறாக வர்ணம் பூசுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று நிறத்தையே நிறுத்திவிடுவான். எழுதுகிறவர்களிடத்திலும் அப்படி ஒரு பகுதி இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்!

மாயவரத்தில் என் அக்கா வீட்டு உள்ளறையில் 29 அங்குலப் பெட்டி ஒன்று இருக்கிறது. கூடத்துச் சுவரில் பிள்ளைகள் மாட்டிக்கொடுத்த தட்டையான புது டி.வி. உண்டு. ஆனால் அக்காவுக்கு உள்ளறைப் பெட்டிதான் வேண்டும். அதனோடுதான் பழைய டெக்கை இணைத்து வைத்திருக்கிறாள். அத்தான் தம் கையாலேயே பெயர் எழுதி ஒட்டிவிட்டுப் போன ஆறு வீடியோ கேசட்டுகள் அதில்தான் ஓடும். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் நடப்பதும் பேசுவதும் இப்போது அந்தக் கேசட்டுகளில்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, பிறகு யாரோ சொருகியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கேசட்டு எல்லாம் கறுப்பு வெள்ளை. வந்து பார்த்த ரிப்பேர்க்காரர், டியூபும் போய்விட்டது, கேசட்டில் இருந்த கலரும் செத்துப்போயிற்று என்று இரண்டு மரணச் செய்திகளை ஒரே மூச்சில் சொல்லி, பெட்டியை முந்நூறு ரூபாய்க்குத் தாமே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

“முந்நூறு ரூபா கெடக்கட்டும் தம்பி,” என்றாள் அக்கா டெலிபோனில். “பெரியவ கல்யாணத்திலே நான் கட்டியிருந்தேனே, அத்தான் காஞ்சிபுரம் போய் எடுத்துட்டு வந்த அரக்குப் புடவை, அது சாம்பலாத் தெரியுது. சரிகை நஞ்சுபோச்சுன்னு அதையும் போட்டுட்டேன். அது அரக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கப்புறம் யாருக்குடா தெரியும்?”

மறுநாள் பஸ் ஏறினேன்.

போனவுடன் கேட்ட முதல் கேள்வி, கேபிள்காரர் கொடுத்த பெட்டியிலிருந்து வரும் படம் எப்படி இருக்கிறது என்பது. அது அதே டி.வி.யில் வேறொரு துளை வழியாக வருகிறது. “அது கலராத்தான் வருது,” என்றாள். அந்த நிமிஷமே டியூபுக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். ஒரு வழியில் வரும் படத்துக்கு நிறம் இருந்து இன்னொரு வழியில் வருவதற்கு இல்லையென்றால், குற்றம் அந்த வழியில் இருக்குமே தவிர டியூபில் இருக்க நியாயமில்லை. மாறாக, எந்த வழியில் வந்தாலும் படத்தில் ஒரே சாயம் படிந்திருந்தால், ரிமோட்டில் கலரை அடியோடு குறைத்துப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளையான பிறகும் சாயம் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்போது டியூபையும் அதை ஓட்டும் பகுதியையும் சந்தேகிக்கலாம்.

கேசட்டைப் போடச் சொல்லி, திரைக்கு மிக அருகில் உட்கார்ந்து பார்த்தேன். படம் சுத்தமாக இருந்தது. புள்ளி மழை இல்லை, கோடு இல்லை. நாடா கெட்டால் நிறம் மட்டும் இவ்வளவு மரியாதையாக விலகிக்கொள்ளாது. அதைவிட விசேஷம், அக்காவின் புடவை மேல் பொடிப்பொடியாக ஒரு புள்ளி வலை அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அத்தானின் வெள்ளை வேஷ்டியில் அது இல்லை. நிறம் எங்கும் போகவில்லை. படிக்க ஆளில்லாத கடிதம்போல் அந்தப் புள்ளிகளாக அங்கேயே கிடந்தது. அழுத்தமான நிறம் உள்ள இடத்தில் புள்ளிகளும் அழுத்தம். இங்கிலாந்தில் பி.பி.சி. 1969-ல் கலரில் எடுத்த ‘டாட்ஸ் ஆர்மி’ நாடகத்தின் ஒரு பகுதி பிற்பாடு கறுப்பு வெள்ளை பிலிமில் மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்தப் பிலிமில் பதிந்திருந்த இதே மாதிரிப் புள்ளிகளைப் படித்து நிறத்தை மீட்டு, 2008-ல் மறுபடி கலரில் காட்டினார்கள்.

டார்ச்சோடு பின்னால் போனேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஒரு வரிசை. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. அதற்குப் பக்கத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு வரிசை, மூன்றுமே படத்துக்கு. டெக்கின் மஞ்சள் ஒயர் பச்சைத் துளையில் செருகியிருந்தது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பச்சை வளையம் போட்ட துளையில் போவது பச்சை நிறம் அல்ல, வெளிச்சம். நிறக் கணக்கு நீலத்திலும் சிவப்பிலும் தனித்தனியாக வர வேண்டும் என்று பெட்டி காத்திருக்கிறது. மஞ்சள் ஒயரோ வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறது. பச்சைத் துளை மூட்டையைப் பிரிப்பதில்லை; நிறம் புள்ளியாக நிற்கிறது. பிடுங்கி மஞ்சளில் செருகினேன். வேலை அவ்வளவுதான். முன்னாலிருந்து “ஆ!” என்று ஒரு குரல் கேட்டது.

மூன்று ஒயர் இணைப்புள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சிவப்பு இரண்டு. ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு. இரண்டும் இடம் மாறினால் முகங்களில் ரத்தம் வற்றிவிடும். நீலமும் சிவப்பும் இடம் மாறினாலோ ஊரே கிருஷ்ணாவதாரம்!

சந்தோஷத்தில் அக்கா அடுத்த கேசட்டைப் போட்டாள். 1996-ல் பேரனின் முதல் பிறந்த நாளுக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்தது. மறுபடியும் கறுப்பு வெள்ளை! அக்கா முகம் விழுந்துவிட்டது. ஒயர் சரியாயிற்றே, ஆகவே இது வேறு நோய். நம் நாட்டு முறை பால், அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. நம் முறையில் நிறத்தை ஏற்றிவரும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸ், அவர்களுடையது 3.58. அக்காவின் டெக் அமெரிக்கக் கேசட்டையும் ஓட்டும், ஆனால் நிறத்தை நம் 4.43-க்கு மாற்றித் தரும். அந்தக் கலப்பு ஜாதியைப் பெட்டி அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். மெனுவில் ‘கலர் சிஸ்டம்’ என்ற இடத்தில் ‘பால்’ என்று மட்டும் கட்டிப் போட்டிருந்தது. அதை ‘ஆட்டோ’ ஆக்கினேன், அசையவில்லை. ‘என்.டி.எஸ்.சி. 4.43’ என்று வைத்ததும் பேரனின் பிறந்த நாள் கேக் ரோஜா நிறத்தில் எழுந்தது.

இடது மூலையில் ஊதாக் கறை ஒன்று மிச்சம். எந்தப் படத்திலும் அது இருந்தது. பெட்டியை ஒட்டி ஒலிபெருக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் காந்தம் டியூபுக்குள் இருக்கும் தகட்டில் பிடித்துக்கொண்ட வினை. ஒலிபெருக்கியை அப்பால் தள்ளி, பெட்டியை மெயின் சுவிட்சில் அணைத்து, அரை மணி ஆறவிட்டுப் போட்டால், ‘டம்’ என்ற சத்தத்தோடு உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தைக் கொஞ்சம் கரைக்கும். நாலைந்து தடவையில் கறை மறைந்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்றான் அக்காவின் பேரன். கூடவே கூடாது. டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். அணைத்த பிறகும் அது தங்கியிருக்கலாம்.

சாப்பாடான பிறகு கல்யாணக் கேசட்டை மறுபடி ஓட்டினோம். மாலையும் கழுத்துமாகப் பெண், மாப்பிள்ளை, பின்னால் அத்தான். புடவை வந்தது.

“கத்தரிப்பூ கலரில்ல இது?” என்றாள் பெரியவள்.

“அரக்குடீ,” என்றாள் அக்கா.

“நல்லாப் பாரும்மா, கத்தரிப்பூ.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன்? 1988-ல் வீடியோக்காரர் பிடித்த விளக்கு எப்படியோ, காமிராவை எந்த வெளிச்சத்துக்குச் சரிசெய்திருந்தாரோ! ரிமோட்டில் ‘டின்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அது என்.டி.எஸ்.சி. படத்துக்கு மட்டும் வேலை செய்யும். நம் முறையில் ஒவ்வொரு கோட்டிலும் நிறத்தைப் புரட்டி அனுப்பி, வழியில் நேரும் பிசகைத் தானே ஈடு செய்துகொள்வதால் அந்தத் திருகல் தேவையில்லை என்று பூட்டிவிட்டார்கள்.

“வேற ஒண்ணும் இல்லியாடா அதிலே?” என்றாள் அக்கா.

‘வார்ம்’ என்று ஒன்று இருந்தது. படம் முழுவதையும் சிவப்புப் பக்கம் சாய்ப்பது. வைத்தேன். மாப்பிள்ளை வெயிலில் நின்றவர்போல் ஆனார், அத்தான் வேஷ்டி சந்தனமாயிற்று, வாழைமரம்கூடக் கொஞ்சம் பழுத்தது.

“அப்படியே இருக்கட்டும்,” என்று என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.