சாத்தனூர் நீரும் சிறு படகும்

திருவண்ணாமலைக்கு வருவோர் மலையைக் காணவே வருகின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் எழும் சுடரைக் காணவும், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி நடக்கவும் இலட்சக்கணக்கானோர் கூடும் இவ்வூரில், நீரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் இது நீருக்கு அந்நியமான ஊரன்று. பெரிய கோயிலினுள்ளேயே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உண்டு. தீபத் திருவிழா முடிந்தபின் அய்யங்குளத்தில் மூன்று இரவுகள் தெப்பம் மிதக்கிறது. தை மாதத்தில் அண்ணாமலையார் ஊரைவிட்டுப் புறப்பட்டு, மணலூர்பேட்டையில் தென்பெண்ணையாற்றுக்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். நம் பங்கின் மூத்தோர் பலர், இளமையில் அய்யங்குளக் கரையில் நின்று தெப்பம் பார்த்ததை இன்றும் ஆவலோடு சொல்வர்.

நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம் தெப்பமன்று. அதைவிடச் சிறியதொரு படகு. சென்ற ஆண்டிறுதியில் நம் பங்கு இளைஞர் குழுவைச் சேர்ந்த பன்னிருவர் நம்மிடம் வந்து, பொங்கல் விடுமுறையில் சாத்தனூருக்குப் போய்க் 'கயாக்' ஓட்ட விரும்புவதாகக் கூறினர். அவர்களுள் ஒருவர், காற்றடித்து விரிக்கும் கயாக் ஒன்றை இணையவழிக் கடையில் வாங்கி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். படகு இருந்தது; துடுப்பு இருந்தது; காற்றடிக்கும் பம்பும் இருந்தது. உயிர்காப்பு உடுப்பு இல்லை. "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டோம். ஐவர் கை உயர்த்தினர். மற்ற எழுவர் சிரித்தனர். போக வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொன்னால் சொல்லாமலே போய்விடும் வயது அது. எனவே, முதலில் நாமே போய் அவ்விடத்தைப் பார்த்து வருவதாக வாக்களித்தோம்.

திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணிலாக் கொல்லைகளும் கரும்பும் மாறி மாறி வரும் பாதை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக இறங்கிவரும் தென்பெண்ணை, இங்கே சென்னகேசவ மலைகளின் நடுவே குறுகி வருமிடத்தில் மறிக்கப்பட்டுள்ளது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1958-இல் பணி நிறைவுற்ற அணை. நீர்மட்டம் 119 அடியை எட்டினால் 7,321 மில்லியன் கன அடி நீர் தேங்கும். பூங்காவும் முதலைப் பண்ணையும் பள்ளிச் சிறுவர்களை ஆண்டாண்டாக ஈர்த்து வருகின்றன. நீர்த்தேக்கத்திலும் முதலைகள் வாழ்கின்றன என்பதைப் பூங்காவோடு திரும்பிவிடும் சுற்றுலாப் பயணிகள் பலர் அறியார்.

அமைதியாகக் கிடக்கும் அந்த நீரைப் பார்த்தால், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில், இவ்வணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் வெளியேறியது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை ஊர்கள் நீரில் மூழ்கின. அகரம்பள்ளிப்பட்டில் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் புதையுண்டன. அணைக்குக் கீழே ஆற்று மணலில் விளையாடுவோர், மேலே மழை பெய்ததா என்று தம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து முடிவு செய்கின்றனர். ஆற்றுக்கு வரும் நீரோ ஓசூர் மழையால் வருவது.

கரையில் ஒரு மீனவரைக் கண்டோம். அறுபது வயதிருக்கும். பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டக் கூடை. அதன்மேல் நீர் புகாத உறை. ஒற்றை அலகுத் துடுப்பு. ஒகேனக்கலில் காண்பதும் இதுவே. நம் இளைஞர்களின் விருப்பத்தைச் சொன்னோம்.

"பசங்க எப்ப வராங்க சாமி?" என்று கேட்டார்.

"பொங்கல் விடுமுறையில், சாப்பாடு முடித்துப் பிற்பகலில் வருவதாக எண்ணம்" என்றோம்.

"மத்தியானமா? நாங்க மத்தியானத்துக்குள்ள கரை ஏறிடுவோம். அதுக்கு மேல காத்து கெளம்பிடும். அங்க போகச் சொகமா தள்ளிக்கிட்டுப் போவும். திரும்பி வர்றப்பதான் தெரியும்."

புதியவர் செய்யும் பெரும் பிழையை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். காற்று முதுகில் தள்ளும்போது தம் கையே வலிமை பெற்றதாகத் தோன்றும். திரும்பும் வேளையில் அதே காற்று எதிரே நிற்கும், கை ஓய்ந்திருக்கும், காற்றடைத்த படகோ இலேசானது, சருகைப்போல் பக்கவாட்டில் நழுவும். ஆகவே பழகியவர்கள் முதலில் காற்றை எதிர்த்துப் போவர். களைத்தபின் காற்று அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். மலைகள் சூழ்ந்த நீர்நிலைகளில் காற்று திடீரென இறங்கும் என்பதைக் கலிலேயக் கடலைப் பற்றி வாசித்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் மேலும் இரண்டு சொன்னார். ஒன்று, வலை. மாலையில் கட்டிக் காலையில் எடுக்கும் செவுள் வலைகள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்; கவிழ்ந்தவர் கால் அதில் சிக்கினால், உதைக்க உதைக்க இறுகும். மற்றொன்று, சேறு. நீர் வடிந்த கரையோரம் மேலே காய்ந்து வெடித்திருக்கும். மிதித்தால் முழங்கால்வரை விழுங்கும். படகிலிருந்து குதித்துக் கரையேறலாம் என்ற எண்ணம் அங்கே செல்லாது.

இனிக் கயாக்கைப் பற்றிச் சொல்வோம். ஆர்க்டிக் பனிக்கடலோரம் வாழும் இன்யூட் மக்கள், மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்காக அமைத்துக்கொண்ட படகு அது. ஓட்டுபவர் கால் நீட்டி அமர்ந்து, இருபுறமும் அலகுடைய துடுப்பால் வலமும் இடமுமாக நீரைத் தள்ளுவார். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிலேயே அது போட்டியாகிவிட்டது. இன்று கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த கோடஞ்சேரியின் மலையாறுகளில் பன்னாட்டு வீரர்கள் வந்து ஓட்டுகின்றனர். நம் மாநிலத்தில் பிச்சாவரம், முட்டுக்காடு, இராமநாதபுரத்துக் காரங்காடு ஆகிய இடங்களில் புதியவரும் ஏறலாம். நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர்; பனிநாட்டார் படகின் பெயரை நாம் எடுத்துக்கொண்டோம்; கணக்கு நேராயிற்று.

பரிசல் அகன்ற வட்டம். சுழலுமேயன்றி எளிதில் சாயாது. கயாக் ஒடுங்கியது, சாய்வது அதன் இயல்பு. படகு சற்று ஆடியதும் புதியவர் இரு கைகளாலும் அதன் விளிம்பைப் பற்றிக்கொள்வார். அதுதான் கவிழ்க்கிறது. துடுப்பு நீரில் இருக்கும்வரை அது ஊன்றுகோல். கையைவிட்டு அகன்றால் ஊன்றுகோலும் இல்லை, உயர்ந்த தோள்களால் எடையும் மேலே ஏறிவிடுகிறது. இடுப்புக்குக் கீழே படகோடு ஆடவிட்டு, தலையைப் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். தலை எப்பக்கம் போகிறதோ அப்பக்கம் உடலும் போகும். தேக்கடியில் 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று, கரையில் விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தபோது பெரிய படகே கவிழ்ந்து 45 பேர் மாண்டனர் என்றால், ஓராள் படகைப் பற்றி என்ன சொல்ல!

துடுப்பைக் கை வெளுக்க இறுக்கிப் பிடிப்பதும், தோளால் மட்டும் வலிப்பதும் அடுத்த பிழைகள். கால்மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளிக்கும், தோள் சோரும். இடுப்பைத் திருப்பி முதுகின் வலிமையால் வலிப்பவர் ஒரு மணி நேரம் போவார்.

ஓடும் நீரில் பிழைகள் வேறு. அங்கே மன்னிப்பும் குறைவு. நீரோட்டம் படகைப் பாறைமேல் தள்ளினால், மனித இயல்பு பாறையிலிருந்து விலகிச் சாய்வது. அவ்வாறு சாய்ந்தால் நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, ஓட்டம் அதன்மேலேறிப் படகைப் புரட்டும். பாறையைத் தழுவச் செல்வதுபோல் அதன் பக்கமே சாய வேண்டும். கவிழ்ந்து நீரோடு போக நேர்ந்தால், மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் முன்னே நீட்டிப் போக வேண்டும். விரைந்தோடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் சிக்கும், நீர் உடலை முன்னே மடக்கி அழுத்தும். முழங்கால் ஆழத்திலும் இவ்வாறு உயிர் போகும்.

தடுப்பணைகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். நீர் அதன்மேல் கண்ணாடிபோல் சீராக வழிவதைப் பார்த்து, வழுக்கி இறங்கலாம் என்று இளைஞர் எண்ணுகின்றனர். விழுந்த நீர் அடியில் போய், மேலே சுருண்டு மீண்டும் அணையை நோக்கியே திரும்புகிறது. உள்ளே விழுந்தவரையும் படகையும் அது திரும்பத் திரும்ப இழுக்கும். உயிர்காப்பு உடுப்பு அணிந்தவருக்கும் அங்கே உறுதியில்லை. தென்பெண்ணையில் மணல் அள்ளிய குழிகளும் அத்தகையனவே. கணுக்கால் நீரில் நடந்துவந்தவர் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இருப்பார்.

உயிர்காப்பு உடுப்பைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். மனித உடல் ஏறத்தாழ நீரின் அடர்த்தியே உடையது. மூக்கும் வாயும் நீருக்கு மேலே நிற்கச் சில கிலோ தாங்குதலே போதும். 50 நியூட்டன் என்று குறித்த உடுப்பு சுமார் 5 கிலோவைத் தாங்கும். நீச்சல் தெரிந்தவர் கரைக்கருகில் அணிவதற்கு அது ஏற்றது. 100, 150 என்று குறித்தவை மயங்கியவரையும் முகம் மேலே வருமாறு திருப்ப அமைந்தவை. நீச்சல் தெரியாதவர் அவற்றையே கேட்டு வாங்க வேண்டும். வாரும் கொளுவிகளும் முற்றும் மாட்டியபின், ஒருவர் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் நீரில் தலைவழியே கழன்றுபோகும். புகைப்படத்துக்கு அணிந்துவிட்டுப் படகினுள் மடியில் வைத்துக்கொள்வது நம் நாட்டு வழக்கமாகிவிட்டது. லாரி டியூப் உடுப்புக்கு ஈடாகாது. கை நழுவினால் அது தனியே மிதந்து போகும்.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகேறிய உறவினர் கூட்டத்தில் 22 பேர் உயிரிழந்தனர். திருநாள் உணவு சமைத்த வீடுகளுக்கு அன்று மாலை வந்த செய்தியை எண்ணிப் பார்க்கவும் நெஞ்சு நடுங்குகிறது. 2023 மே 7-இல் கேரளத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு மூழ்கி மீண்டும் 22 பேர். இவ்விரு இடங்களிலும் நீர் கரையைவிட்டு வெகுதூரமானதன்று.

கவிழ்ந்தால் படகை விடலாகாது. காற்றடைத்த படகு கவிழ்ந்தும் மிதக்கும். கரை அருகில் தெரிகிறதே என்று நீந்தப் புறப்பட்டவரே பெரும்பாலும் பாதி வழியில் ஓய்கின்றனர். நண்பன் தத்தளிக்கிறான் என்று வெறுங்கையோடு குதிப்பதும் வேண்டாம். மூழ்குபவர் பிடித்த பிடி விடாது, ஒன்று இரண்டாகும். கம்போ, வேட்டியோ, கயிறு கட்டிய காலிக் குடமோ வீசலாம். மூழ்குபவர் கத்துவார் என்பது திரைப்படத்தில்தான். மூச்சுக்கே வழியில்லாதவர் ஓசையின்றியே அமிழ்கிறார்.

கரையேற்றியபின் வயிற்றை அழுத்துவதும், தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. அதனால் நேரம் போகும், வயிற்றிலுள்ளது மூச்சுக்குழலில் ஏறும். மூச்சு இல்லையெனில் உடனே மல்லாத்தி, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்துமுறை ஊத வேண்டும். உயிர்க்குறி தெரியாவிட்டால், மார்பின் நடுவே 30 முறை அழுத்தி 2 முறை ஊதி, 108 வண்டி வரும்வரை தொடர வேண்டும். இதைக் கற்றுத்தரச் செவிலியர் ஒருவர் இல்லாத பங்கு உண்டா?

சாத்தனூரிலிருந்து திரும்பி இளைஞர்களிடம் கண்டதைச் சொன்னோம். நீர்த்தேக்கத்தில் அனுமதியின்றிப் படகிறக்குவதில்லை என்றும், வலை, முதலை, காற்று மூன்றும் உள்ள இடத்தில் கற்கத் தொடங்குவதில்லை என்றும் அவர்களே முடிவு செய்தனர். பயிற்றுநரும் உடுப்பும் உள்ள பிச்சாவரத்துக்குப் போகலாம் என்றனர். அதற்கு முன் பன்னிருவரும் நீந்தக் கற்பது என்று நிபந்தனை விதித்தோம். இம்மாவட்டத்தில் நீச்சற்பள்ளி என்பது இன்றும் வயற்கிணறுதான். முற்காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்குவர். இப்போது காலி எண்ணெய்க் கேன். பங்கு மக்களுள் ஒருவர் தம் கிணற்றைத் தந்துள்ளார். படிகள் நல்ல நிலையில் உள்ளன. மேலே கயிற்றோடு இருவர் எப்போதும் நிற்கின்றனர்.

எழுவருள் நால்வர் இப்போது குறுக்கே நீந்திக் கடக்கின்றனர். ஒருவர் மிதக்கக் கற்றுவிட்டார். மீதி இருவருக்கு வரும் சனிக்கிழமை காலை மீண்டும் பயிற்சி. படகு பெட்டியிலேயே இருக்கிறது. உயிர்காப்பு உடுப்புகளுக்குப் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது.