பீளை கட்டிய கண்

ரத்தோட்டைப் பக்கம் மழை பிடித்தால் யார் வீட்டிலாவது ஒரு பூனைக்குட்டி வந்து கத்தும். இந்த முறை எங்கள் விறகுக் கொட்டில். ஒரு கண் மஞ்சள் பீளையில் ஒட்டிக் கிடந்தது.

"தாய்ப்பால் ஒரு சொட்டு விடு" என்றார் பக்கத்து லயத்து ஆச்சி. மாமாவுக்குத் தேயிலைச் சாயம்தான் சர்வரோக நிவாரணி. இரண்டும் வேண்டாம். கொதித்தாறிய தண்ணீர் இளஞ்சூட்டில் இருக்கும்போது பஞ்சை நனைத்து மூடிய கண்மேல் வையுங்கள், பீளை ஊறிவிடும். பிய்க்காதீர்கள். மூக்குப் பக்கமிருந்து வெளியே மெதுவாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சு மற்றதற்கு ஆகாது.

குட்டிகளுக்கு இப்படிப் பீளை கட்டக் காரணம் பெரும்பாலும் ஹெர்பீஸ் வைரஸ் அல்லது கிளமிடியா. மூக்கும் அடைத்தால் மணம் தெரியாமல் சாப்பாட்டைத் தொடாது. சூடாக்கிய மீன்தான் எங்கள் குட்டியை மசிய வைத்தது.

மிருக வைத்தியர் பச்சையாக ஒளிரும் சாயம் விட்டு, கருவிழியில் புண் இல்லையென்று பார்த்த பிறகே களிம்பு எழுதினார். புண் இருக்கும் கண்ணில் ஸ்டீரொய்ட் கலந்த துளி விழுந்தால் பார்வையே போகலாம்.

ஆகவே அலுமாரியில் கிடக்கும் பழைய கண்மருந்தை ஊற்றாதீர்கள். பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கோ, பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கோ தூக்கிக்கொண்டு போங்கள்.