விலாசமுள்ள அன்பு

தியானப் பகுதி: கொலோசெயர் 1:3-9, 2:1-5



கொலோசெ பட்டணத்து விசுவாசிகள் பவுலின் முகத்தைக் கண்டவர்கள் அல்லர். அதை இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அவர் குறிப்பிடுகிறார். அவர்களுக்குச் சுவிசேஷத்தைக் கற்பித்தவர் எப்பாப்பிரா. அவர் கொண்டுவந்த செய்தியின் வழியாகவே பவுல் அவர்களை அறிந்தார். கேட்ட நாள்முதல் அவர்களுக்காக இடைவிடாமல் ஜெபித்தார். பின்பு, காவலில் இருந்தபடியே அவர்களுக்கு நிருபம் எழுதித் தீகிக்கு, ஒநேசிமு என்பவர்களோடு அனுப்பினார். இன்று நாம் வேதாகமத்தில் வாசிக்கும் அந்த நான்கு அதிகாரங்களும் முகமறியாத மனிதருக்கு எழுதப்பட்ட மடலே. ரோமருக்கு எழுதிய நிருபமும் அவர் ரோமாபுரியைக் காணும் முன்னரே எழுதப்பட்டது.

முகமறியாதவருக்கு எழுதுவது சில ஆண்டுகளாக என் வாழ்விலும் ஒரு சிறிய ஒழுங்காக இருந்துவருகிறது. ஞாயிறு ஆராதனையின் பணிகள் ஓய்ந்த பின், திங்கட்கிழமை காலையில், நான் இதுவரை கண்டிராத இருவருக்கு அஞ்சலட்டை எழுதுகிறேன். வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் சிலர் இதைக் குறித்து விசாரித்தபடியால், இவ்வாரம் அதையே தியானமாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

முகமறியாதவரின் விலாசம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதே பலருடைய முதற்கேள்வி. போஸ்ட்கிராசிங் என்றொரு ஏற்பாடு உண்டு. போர்த்துக்கல் நாட்டு மாணவர் ஒருவர் 2005-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று அதைத் தொடங்கினார். அதில் உறுப்பினரான ஒருவர் விலாசம் கேட்டால், உலகின் ஏதோவொரு மூலையிலுள்ள மற்றோர் உறுப்பினரின் விலாசமும், அட்டையில் எழுதவேண்டிய அடையாள எண்ணும் அவருக்குத் தரப்படும். அட்டையைப் பெற்றவர் அந்த எண்ணைப் பதிவு செய்வார். அதற்குப் பின் அனுப்பியவருக்கும் ஓர் அட்டை வரும். ஆனால் அது பெற்றவரிடமிருந்து வருவதில்லை. இருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாம் ஒருவரிடமிருந்து வரும். பின்லாந்துக்கு எழுதியவருக்குத் தைவானிலிருந்து அட்டை வரலாம்.

நம் திருமண வீடுகளில் மொய் எழுதும் நோட்டு உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை அது காத்து வைக்கும். நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் அதற்குக் குறையாமல் செய்யவேண்டும். உறவுகளைத் தாங்கிநிற்கும் நல்ல வழக்கம்தான் அது. ஆயினும் அன்பையும் நாம் அந்த நோட்டிலேயே எழுதத் தொடங்கிவிடுகிறோம் என்பதே ஆபத்து. நாம் விசாரித்தவர் நம்மை விசாரிக்கவில்லை, நாம் வாழ்த்தியவர் நம்மை வாழ்த்தவில்லை என்று மனம் கணக்குப் பார்க்கிறது. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், திருப்பி அழைக்க இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி ஆண்டவர் கற்பித்தது இந்தக் கணக்கை உடைப்பதற்காகவே. கொடுத்த இடம் ஒன்று, பெற்ற இடம் வேறொன்று. கிருபை நம்மிடம் வந்து சேர்ந்ததும் அவ்விதமாகவே அல்லவா? நமக்கு முதன்முதலில் சுவிசேஷம் சொன்னவருக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன? அதை வேறொருவருக்கு அல்லவா கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

இனி, எழுதும் முறையைச் சொல்கிறேன். முதலில் விலாசத்தை எழுதிவிடுவேன். பெயர், வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு, நாடு என ஒவ்வொரு வரியையும் நிதானமாக, தனித்தனி எழுத்துகளாக எழுதுவேன். ஓர் எண் பிசகினாலும் அட்டை வழிதவறிப்போகும். இந்த நிதானமே ஜெபத்துக்கு வாசலாகிறது. உலகிலுள்ள யாவரையும் ஆசீர்வதியும் என்று ஜெபிப்பது எளிது. அந்த ஜெபத்தில் யாருடைய முகமும் நம்மை நிறுத்துவதில்லை. ஆனால் இன்ன தெருவில், இன்ன எண்ணுள்ள வீட்டில் வாழும் இந்த ஒருவர் என்று எழுதும்போது, அன்புக்கு ஒரு விலாசம் உண்டாகிறது. அந்தப் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்கவும் வராது. ஆயினும் தம் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடும் மேய்ப்பருக்கு அது தெரியும் என்ற நம்பிக்கையோடு, அந்தப் பெயரின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் ஜெபிப்பேன்.

அதன்பின் செய்தி. அட்டையின் பாதியை விலாசமும் தபால்தலையும் எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள இடத்தில் எட்டு, பத்து வரிகளே அடங்கும். அன்று காலை நான் கண்ட ஒன்றை எழுதுவேன்: வேப்பமரம் பூத்திருப்பது, முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் ஆரவாரம். அவர் தம்மைக் குறித்து எழுதி வைத்திருக்கும் சிறு குறிப்பை வாசித்து, அதைத் தொட்டு ஒரு வரி எழுதுவேன். இறுதியில் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் சமாதானம் உண்டாகும்படி வாழ்த்திக் கையொப்பமிடுவேன். கேள்வி எதையும் எழுதுவதில்லை. கேள்வி, பதிலைக் கடனாக்கிவிடும். மழையில் நனைந்தாலும் கலையாதபடி பால்பாயிண்ட் பேனாவே பயன்படுத்துகிறேன்.

அஞ்சலட்டை மூடப்படாத மடல். தபால்காரர் வாசிக்கலாம், வீட்டிலுள்ளோர் வாசிக்கலாம். ஆகவே பிறர் வாசித்தால் ஒருவருக்கு வெட்கமோ வருத்தமோ உண்டாக்கும் எதையும் அதில் எழுதலாகாது. கொலோசெயருக்கு எழுதிய நிருபமும் சபையில் உரக்க வாசிக்கப்பட்டு, பின்பு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்படவேண்டும் என்று பவுல் கேட்டுக்கொண்டார். எல்லாரும் கேட்கச் சொல்லத்தக்க வார்த்தைகளையே ஒருவரைக் குறித்துச் சொல்லும் பழக்கத்தை இந்த மூடாத அட்டை கற்றுத்தருகிறது. வீட்டிலும் சபையிலும் நம் நாவுக்கு அது நல்ல பயிற்சி.

"ஐயா, இவ்வளவு தூரம் அனுப்புகிறீர்களே, அதில் ஒரு வேதவசனத்தையாவது எழுதக்கூடாதா?" என்று சபையின் மூத்த சகோதரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அட்டையைப் பெறுபவர் எந்த விசுவாசத்தைச் சேர்ந்தவரோ, நான் அறியேன். ஒரு மனிதரின் வாழ்த்தைப் பெறவே அவர் தம் விலாசத்தைத் தந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது உண்மையுள்ள செயலாக எனக்குத் தோன்றவில்லை. நம்மிலுள்ள நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்லும்படி பேதுரு எழுதியிருக்கிறார். கேட்டால் சொல்ல ஆயத்தமாயிருக்கிறேன். கேட்காதவரிடத்தில் நாமே கிறிஸ்துவின் நிருபமாக இருக்கிறோம் என்பதை இரண்டாம் கொரிந்தியர் மூன்றாம் அதிகாரம் நினைப்பூட்டுகிறது. ஒருவரை முன்னிட்டு நேரம் ஒதுக்கி, கவனமாக எழுதி, பதில் எதிர்பாராமல் அனுப்பினால், அந்த நிருபத்தில் சில வரிகளாவது வாசிக்கப்படும்.

ஒரு போதகனுக்கு இந்த ஒழுங்கு தனியாக ஒன்றைச் செய்கிறது. நான் வியாதியஸ்தரைச் சந்தித்தால் அந்தக் குடும்பம் நன்றி சொல்கிறது. பிரசங்கித்தால் வாசலில் நின்று கைகுலுக்குகிறீர்கள். அவை யாவும் உங்கள் அன்பு. அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். ஆயினும் எல்லாராலும் அறியப்பட்ட இடத்தில் செய்யும் நன்மைக்கு மரியாதை என்னும் கூலி உடனுக்குடன் கிடைத்துவிடுகிறது. அட்டையில் என் பெயருக்கு முன் பட்டம் இல்லை. என் தொழிலும் அதில் இல்லை. அந்தரங்கத்தில் செய்யும் தர்மத்தைக் குறித்து மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்ததை, வாரத்தில் அரைமணி நேரமாவது பழகிப்பார்க்க இது எனக்கு இடமளிக்கிறது.

அனுப்பிய பின் செய்வதற்கு ஒன்றே ஒன்று உண்டு. ஒரு சிறு நோட்டில் பெயர், நாடு, தேதி ஆகியவற்றை எழுதி வைக்கிறேன். அட்டை போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வரும்வரை காலை ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறேன். சில அட்டைகள் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். 60 நாட்கள் கடந்தால் காலாவதியானதாகக் கருதி, அதற்குப் பதிலாக வேறொரு விலாசம் கேட்க இந்த ஏற்பாட்டில் இடமுண்டு. எனினும் அந்தப் பெயரை நான் நோட்டில் அடிப்பதில்லை. தாமதமாகும் அட்டைக்காக அதிக நாள் ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. 2020-இல் பெருந்தொற்றினால் விமானங்கள் நின்று, பல நாடுகளுக்கு அஞ்சல் போகாதிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அட்டை போகாத இடத்துக்கும் ஜெபம் போகும். பவுல் கொலோசெக்கு நிருபம் எழுதியது ஒருமுறை. அவர்களுக்காக ஜெபித்ததோ இடைவிடாமல். எழுதுவது அந்த நீண்ட ஜெபத்தின் கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டு மட்டுமே.

பெற்றவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் நன்றி தெரிவிப்பார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு மூதாட்டி, அந்த வாரம் தம் தபால்பெட்டியில் கட்டணச் சீட்டுகளைத் தவிர வந்தது இந்த அட்டை ஒன்றே என்று எழுதியிருந்தார். சிலர் எதுவும் எழுதுவதில்லை. அவர்கள் வீட்டில் அன்று என்ன துக்கமோ, என்ன சந்தோஷமோ, நாம் அறியோம். அறியாமலே அன்புகூரலாம் என்பதுதான் நாம் கற்கவேண்டிய பாடம்.

"தூரதேசத்தாருக்கு எழுதுவது இருக்கட்டும், பக்கத்துத் தெருவிலிருப்பவர்?" என்று சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் சரியானதே. முகமறியாதவரின் பெயரை நிதானமாக எழுதிப் பழகிய கை, நம் தெருவிலேயே பெயர் தெரியாமல் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கும். ஆகவே வெளிநாட்டுக்குத்தான் எழுதவேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் 1879-ஆம் ஆண்டு கால் அணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டை, பல்லாண்டுகளாக 50 காசுக்கே கிடைத்துவருகிறது. முதியோர் இல்லத்தில் கடிதம் எழுத ஆளில்லாத ஒருவருக்கு, அங்குள்ள பொறுப்பாளரின் அனுமதி பெற்று எழுதலாம். நம் சபையிலிருந்து வேலைக்காக வெளியூர் சென்று, அங்கே தனித்திருக்கும் பிள்ளைகளுள் நீங்கள் பழகியிராத ஒருவருக்கு, அவர் பெற்றோரிடம் விலாசம் கேட்டு எழுதலாம். நீண்ட மடல் வேண்டியதில்லை. யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்கள் ஒவ்வொன்றும் ஒரே பாப்பிரஸ் தாளில் அடங்கும் அளவே உள்ளவை. அவையும் வேதத்தில் இடம் பெற்றிருக்கின்றன.

வாரத்துக்கு ஒரு பெயர், ஒரு விலாசம், பத்து வரி, அதன்பின் ஜெபம். இவ்வாரம் தொடங்கிப் பாருங்கள்.

ஜெபம்: எங்களைப் பேர்சொல்லி அழைத்த ஆண்டவரே, நாங்கள் அறியாதவர்களையும் நீர் அறிந்திருக்கிறபடியால் உம்மைத் துதிக்கிறோம். பதிலை எதிர்பாராத அன்பை எங்களுக்குத் தாரும். இவ்வாரம் நாங்கள் யாருடைய பெயரை எழுதவேண்டுமோ, அவரை எங்களுக்கு நினைப்பூட்டும். அவர் வீட்டில் உம்முடைய சமாதானம் தங்குவதாக. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.