அலமாரியில் உறங்கும் அறிவியல்

(முதுநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

1906 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 'பிலசாபிகல் மேகசின்' என்னும் ஆங்கில ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. செவ்வகத் திறப்பு ஒன்றினால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளைப் பற்றியது அது. எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். வயது 18. பெயர் சி.வி. இராமன்.

நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரி தந்த கட்டுரை அது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எழுதியதை முதலில் தம் பேராசிரியரிடம் கொடுத்தார் என்றும், மாதங்கள் சென்றும் மறுமொழி வராமையால் தாமே கடல் கடந்து அனுப்பிவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். (நம் துறைப் பேராசிரியர்கள் இதைப் படித்துச் சினம் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்!)

தேசிய அறிவியல் நாளன்று மேடையேறுவோர் எல்லாரும் இராமன் என்ன கண்டார் என்பதையே பேசுகின்றனர். கண்டதை அவர் உலகறியச் செய்த விதமே எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றுகின்றது. 1926 இல் அவர் கல்கத்தாவில் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அன்று இங்கிருந்து கப்பலேறிய கட்டுரை இலண்டன் சேரவே வாரங்கள் ஆகும். கையருகே ஓர் இதழ் இருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை அன்றோ?

அதன் பயன் இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று, சிதறிய ஒளியில் புதிய நிறங்கள் தோன்றுவதை இராமன் உறுதி செய்துகொண்டார். உடன் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். மறுநாளே செய்தித்தாள்களுக்குச் சொல்லிவிட்டார். மார்ச் 16 இல் பெங்களூரில் விரிவாகச் சொற்பொழிவாற்றினார். அந்தச் சொற்பொழிவைத் தம் இதழிலேயே அச்சேற்றி, அதன் படிகளைப் பல நாட்டு அறிஞர்களுக்கும் அஞ்சலில் அனுப்பினார். மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் ஒரு கடிதம் வந்தது.

அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லேண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்னும் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்கள் கட்டுரை ஜெர்மன் இதழில் வெளிவந்தபோது ஜூலை மாதம் ஆகியிருந்தது. 1930 இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. முந்திக் கண்டவர் யார் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு; முந்திச் சொன்னவர் யார் என்பதில் வாதமே இல்லை. இது நியாயமா என்றால், முழு நியாயம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. மாஸ்கோவின் அந்த இருவருக்காக என் நெஞ்சம் இரங்கத்தான் செய்கிறது.

இனி நம் நிலைக்கு வருவோம். என் திட்டக் கட்டுரை, வேப்பிலைச் சாறு கொண்டு வெள்ளி நுண்துகள் ஆக்குவது பற்றியது. விடுமுறையில் வீட்டிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடினேன். சுருக்கம் மட்டும் தெரிந்தது. முழுவதும் படிக்க ஏறத்தாழ 40 டாலர் கேட்டார்கள். என் விடுதியின் ஒரு மாத உணவுக் கட்டணத்தை விட அது அதிகம்! இதில் வியப்பு என்னவென்றால், கட்டுரையை எழுதியவருக்கும் அதில் ஒரு காசு போவதில்லை. அதைப் படித்துக் குறை நிறை சொல்லும் நடுவருக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. உழுதவனுக்குக் கூலியில்லை, நெல்லுக்கு மட்டும் விலை! இராமன் தொடங்கிய அந்தக் கல்கத்தா இதழே இன்று ஸ்பிரிங்கர் என்னும் வெளிநாட்டுப் பதிப்பகத்தோடு சேர்ந்துதான் வருகிறது.

நடுவண் அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நம் கல்லூரிக் கணினி அறையிலும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் வரும் மே மாதம் நான் கல்லூரி வாயிலைத் தாண்டியதும் அது எனக்கு மூடிக்கொள்ளும். பள்ளியில் பாடம் சொல்லப்போகும் என் நண்பனுக்கும் அப்படியே.

படிக்கத்தான் காசு என்றால், எழுதவும் காசு. 2021 முதல், 'நேச்சர்' இதழில் தம் கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்குமாறு வெளியிட விரும்புவோருக்கு 9,500 யூரோ கட்டணம் என்று அறிவித்தார்கள். அது மேல்மாடிக் கடை. கீழே நடைபாதைக் கடையும் உண்டு. சென்ற செமஸ்டரில் என் கைப்பேசிக்கே ஓர் அழைப்பு வந்தது: 1,500 ரூபாய், மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உடன்! என் சோதனைகள் பாதிகூட முடியவில்லை. அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இத்தகைய இதழ்களை விலக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் ஓர் ஏற்புப் பட்டியல் வகுத்தது. 2025 இல் அதைக் கைவிட்டு, மதிப்பிடும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. என் எண்ணம் இது: எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவரை நடைபாதைக் கடைக்கு வியாபாரம் குறையாது.

ஆயினும் பிறரைக் குறை சொல்லும் முன் நம் துறை அலமாரியைத் திறந்து பார்க்கவேண்டும். ஆய்வுக்கூடத்தின் மூலையில், பழைய மின்கல அடுக்குகளுக்குப் பின்னால் அது நிற்கிறது. நம் மூத்த மாணவர்கள் எழுதிய திட்டக் கட்டுரைகள் அதில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. யாருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு தலைப்புப் பட்டியல்கூட இல்லை. 1986 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எடுத்தேன். தட்டச்சு செய்தது, ஓரங்களைச் செல் அரித்திருந்தது. கல்லூரி மொட்டைமாடியில் ஆறு மாதம் நாள்தோறும் மூன்று வேளை வெப்பநிலை அளந்து, அத்தனையும் அட்டவணையாக்கியிருந்தார்கள். ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை! இந்த ஊர் எவ்வளவு வெப்பமாகிவிட்டது என்று இன்று ஒருவர் ஆராய்ந்தால், அந்த ஏடு அவருக்குப் பொன்னாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் தேர்வாளரின் கையொப்பமும், 'நன்று' என்ற ஒரு சொல்லும். அதன் பிறகு எவரும் புரட்டியதற்கு அடையாளம் இல்லை.

துறைத்தலைவரின் இசைவு பெற்று, தலைப்பு, ஆண்டு, முடிவு ஆகியவற்றைத் தமிழில் இரண்டிரண்டு வரியாக ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 62 முடிந்துள்ளன. நூலகர் அம்மா அதைக் கணினியில் ஏற்றி, கல்லூரி நூலகத்தில் எவரும் பார்க்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு தட்டுகள் மீதம் உள்ளன. மேல்தட்டுக்கு ஏணி வேண்டும். கைகொடுக்க விரும்பும் முதலாண்டு நண்பர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆய்வுக்கூடத்திற்கு வரலாம். அலமாரிச் சாவி ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் இருக்கிறது.