விலகிச் செல்லும் வாசல்

உப்பளத்தில் பாத்தி கட்டுமுன் நீர் நுழையும் வழியைப் பார்ப்பார்கள். அது எங்கிருந்து வந்து, எங்கே தங்கி முற்றி, எங்கே உப்பாக இறங்கும் என்பதைக் கொண்டே வரப்புகள் அமையும். மரக்காணத்துக் கரையில் வாழும் நாங்கள் பேருந்து நிலையத்தையும் அவ்விதமே எண்ணிப் பழகியிருக்கிறோம்: வந்து இறங்குபவர் அடுத்து எங்கே போகவேண்டும்?

சென்னையின் பழைய வெளியூர்ப் பேருந்து நிலையம் பாரிமுனையில் இருந்தது. நெரிசல் மிகுந்த இடம்தான். ஆயினும் உயர்நீதிமன்றமும் கொத்தவால்சாவடியும் நடக்கும் தொலைவு. அரசு பொது மருத்துவமனையும் அதிக தூரமில்லை. 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. 2002 நவம்பர் 18 அன்று அங்கேயே புதிய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. நீதிமன்றமும் மருத்துவமனையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எழுப்பிய கோயம்பேடு நிலையம் சுமார் 37 ஏக்கர் பரப்புடையது. ஒரே சமயத்தில் 180 பேருந்துகள் நிற்கலாம். நீண்ட நடைமேடைகளும் மாநகரப் பேருந்துகளுக்கான தனியிடமும் கொண்ட அதன் ஒழுங்கை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்பவர் திருவான்மியூரில் நகருக்குள் நுழைகிறார். நிலையமோ மேற்கே இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகிறவர் அவ்வளவு தூரம் சென்று மறுபடியும் கிழக்கே திரும்ப வேண்டும். ஆகவே எங்களூரார் பலர் திருவான்மியூரிலேயே இறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாநகரப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். கோயம்பேட்டிலிருந்து மருத்துவமனைக்கு எதிரிலுள்ள சென்ட்ரல் வரை மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது 2018இல். நிலையம் இடம்பெயர்ந்து அதற்குள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன.

2023 டிசம்பர் 30 அன்று, 88 ஏக்கரில், கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. எங்கள் கடற்கரைச் சாலைப் பேருந்துகள் அப்போது கோயம்பேட்டிலேயே விடப்பட்டன. எனினும், நள்ளிரவில் கிளாம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் செல்ல வழி தேடுபவரின் அலைச்சல் எங்களுக்கு நன்றாகப் புரிகிறது.

நகரம் பெருகும்போது நிலையம் வெளியே போவது நியாயமே. பேருந்துக்கு மிச்சமாகும் தூரத்தை யார் நடக்கிறார் என்பதே எங்கள் கேள்வி. கார் வைத்திருப்பவர் நடப்பதில்லை. மூட்டையும் குழந்தையும் நோயும் சுமந்து வருபவரே நடக்கிறார். அவருக்கான இணைப்பு வண்டி, கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு முந்தைய நாளே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.