ஓட்டலில் தட்டு எடுத்தது நான்தான்

நான் நலமாக இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முழுக்கப் போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு ஓட்டலில் மெரூன் சேலையும் பெயர் அட்டையுமாக, கையில் ட்ரேயோடு நான் நிற்கும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மதியம் எடுத்த படம். சாயந்திரத்துக்குள் எட்டாம் வகுப்பு குரூப்பில் போய், அங்கிருந்து சொந்தக்காரர்கள் குரூப்புக்கும் வந்துவிட்டது. ராத்திரி பெங்களூரில் இருக்கும் என் பையனுக்கு அவன் சித்தப்பா போன் பண்ணி, "அம்மாவை இந்த வயசுல எச்சில் தட்டு எடுக்க விட்டுட்டியேடா" என்று சத்தம் போட்டிருக்கிறார். பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலையில் என் கணக்கில் 18,500 ரூபாய். "டீச்சருக்கு எங்களால் முடிந்தது" என்று ஒரு செய்தி.

பிள்ளைகளா, நான் 2003க்கு முன்னால் வேலையில் சேர்ந்தவள். எனக்குப் பென்ஷன் வருகிறது. பையனும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். நடந்தது இதுதான்.

தாராசுரம் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. திண்ணை, முற்றம், நாலு அறை. எங்கள் வீட்டு சார் போன பிறகு அதில் நான் ஒருத்திதான். விற்றுவிடலாம் என்றான் பையன். எனக்கு மனசு வரவில்லை. கோயிலைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இரண்டு அறையை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் இதற்கு ஒரு திட்டம் உண்டு. ஒன்று முதல் ஆறு அறை வரை விருந்தினருக்கு விடலாம், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வந்து பார்த்துத் தங்கம், வெள்ளி என்று தரம் கொடுப்பார்கள். விதிமுறைகளைப் படித்தபோதுதான் இதில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது. தெரியாவிட்டால் படிக்க வேண்டியதுதானே? சமுதாயக் கல்லூரியில் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் மேலாண்மை, ஒரு வருட டிப்ளமோ. வயது வரம்பு இல்லை என்றார்கள். சேர்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை, சிரிப்பீர்கள் என்று.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் 23 பிள்ளைகளும் எழுந்து "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் விஷயம் புரிந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் பிளஸ் டூவில் தவறியவர்கள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் பெயர் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்களே, அந்த மாதிரிப் பிள்ளைகள்.

சமையல் வகுப்பில் எனக்கு யார் என்ன சொல்லித்தர முடியும் என்று இருந்தேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், சமைத்ததை ஒன்று சூடாகவே வை, இல்லை சீக்கிரம் குளிரவைத்து ஃபிரிட்ஜில் வை என்றார் ஆசிரியர். மதியம் வைத்த சாம்பாரை மூடி ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தவள் நான். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டேன். கழிப்பறை துடைக்கும் துணியின் நிறம் வேறு, வாஷ்பேசின் துணியின் நிறம் வேறு, ஒன்றுக்கொன்று மாறவே கூடாது. ஒரு படுக்கைக்கு ஒரு விரிப்பு போதாது: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். வீட்டில் தங்கவைத்தாலும் அதே விதிதான். விரிப்பின் மூலையை 45 டிகிரியில் மடித்து மெத்தைக்கு அடியில் செருக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பக்கத்துக் கட்டில் பையன் இரண்டாம் நாளே செய்துவிட்டான். கணக்கில் தவறியவனாம் அவன்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். உங்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு தாராசுரம் போனபோதெல்லாம், தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன்தான் இதையும் கட்டினான் என்று சொல்லியிருக்கிறேன். தவறு. இது இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு. தஞ்சைக் கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல்தான் சேர்ந்தன. வழிகாட்டிப் பாடத்தில் இதைச் சொல்லித்தந்தவருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது.

வகுப்பு முடிந்ததும் மூன்று மாதம் ஓட்டலில் பயிற்சி. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. வரவேற்பு, அறை, சமையல்கட்டு, பரிமாறும் இடம் எல்லாவற்றிலும் நின்றாக வேண்டும். என் வயதைப் பார்த்து அரை நாள் வந்தால் போதும் என்றார்கள். மேசையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும், வலப்பக்கமாக நின்று எடுக்க வேண்டும். அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீ குடும்பத்தோடு வந்திருந்தாய். (யாரென்று உனக்குத் தெரியும், பெயர் போடவில்லை.) நிமிர்ந்து பார்த்து, "டீச்சர்!" என்று எழுந்து நின்று, என் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று வாங்கினாய். உன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். உன் கூட வந்தவர் படம் எடுத்தார். நல்ல மனசோடுதான் எடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே போனதும், என்னோடு பயிற்சியில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க ஸ்டூடண்ட் உங்க தட்டை மட்டும்தான் வாங்குவாரா டீச்சர்? என் ட்ரேதான் அதைவிட கனம்."

அவளுக்குப் 19 வயது. என் வலது பக்கத்தில் நின்றவள். படத்தை மறுபடி பாருங்கள், அவள் முகமும் தெரிகிறது. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

படம் இரண்டு நாளில் அவள் ஊருக்கும் போய்விட்டது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பதாக வீட்டில் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அப்பா வெளியே அனுப்ப மறுத்துவிட்டார். பயிற்சி முடிய 19 நாள்தான் பாக்கி. வருகை நாள் குறைந்தால் சான்றிதழ் கிடைக்காது.

நான் பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று பாடக்குறிப்பு மாதிரி தயார் பண்ணிக்கொண்டேன். எந்தத் தொழிலும் இழிவில்லை என்பது, வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஒரு அதிகாரமே வைத்தது, எல்லாம் இருந்தது. அவர் மோர் கொடுத்து உட்காரவைத்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க தாத்தாவும் அப்பாவும் கல்யாண வீட்டுல எச்சில் இலை எடுத்தவங்க டீச்சர். சாப்பாட்டைக் கொல்லைப்பக்கம் வச்சுதான் குடுப்பாங்க. நீங்க இஷ்டப்பட்டுத் தட்டு எடுக்கறீங்க, பாக்கறவங்க அழுவறாங்க. எம்பொண்ணு எடுத்தா யாரும் அழ மாட்டாங்க. பழக்கம்தானேன்னு போயிருவாங்க."

தயார் பண்ணிக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு வரவேற்பு மேசையில்தான் வேலை, தட்டு எடுக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. தட்டு எடுப்பது கேவலம்தான் என்று நானும் சேர்ந்து ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. வாய்ப்பாடு ஒப்பிக்காதவனைப் பார்த்து நான் வழக்கமாகச் சொல்வது என்ன? "படிக்கலேன்னா ஓட்டல்ல டேபிள் துடைக்கத்தான் லாயக்கு." வருடத்துக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்று நீ பதறி எழுந்ததும் அந்தப் பாடத்தால்தான். வகுப்பில் அதைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேரின் அப்பா ஓட்டலில் வேலை பார்த்தாரோ! நான் விசாரித்ததே இல்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள்.

வீட்டில் நாற்பது வருடம் எல்லோருடைய தட்டையும் எடுத்தேன், அப்போது யாரும் குரூப்பில் போட்டு வருத்தப்படவில்லை. சரி, அது வேறு கதை. கொழுந்தனார் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நாலாம் நாள் அந்தப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள். அம்மாதான் அனுப்பினாராம். அப்பா இன்னும் அவளோடு பேசவில்லை. வரவேற்பு மேசைக்கு மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "முறைப்படி எப்போ வருதோ அப்போ போறேன் டீச்சர்" என்று ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் படத்தை எல்லாக் குரூப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அழித்தவர்கள் கீழே ஒரு வார்த்தை போடுங்கள், நான் பெயர்வாரியாகக் குறித்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரியும், விடமாட்டேன்.

பணத்தை அவரவர் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒருவருக்கு மட்டும் 500 ரூபாய் போகவில்லை, எண் மாறியிருக்கிறது. உள்பெட்டியில் வரவும்.

பரீட்சை அடுத்த மாதம். அது முடிந்ததும் வீட்டுக்கு விண்ணப்பம் போடப்போகிறேன். தாராசுரம் பக்கம் வந்தால் வாருங்கள், கோயிலை இந்தத் தடவை சரியாகச் சுற்றிக் காட்டுகிறேன். சாப்பிடலாம். தட்டை நான் வந்து எடுக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.